அவர் மூடிய மண்டபம்

எங்கள் நகரத்துத் தமிழர்கள் அவரை 'ரிக்கற் அக்கா' என்றுதான் சொன்னார்கள். நகரசபையின் கலாசாரப் பொறுப்பதிகாரியாகி, மேயருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காரத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அவர் போலந்துக்காரி. நாங்கள் அவரை முதன்முதலில் கண்டது ஒரு பழைய மண்டபத்தின் நுழைவுச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னால், ரிக்கற் விற்றுக்கொண்டு.

ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கும் ஹம்முக்கும் இடையில் ரயிலில் போனால் எங்கள் நகரம் வரும். பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். அந்த மண்டபம், நிலக்கரிச் சுரங்கம் இருந்த நாட்களில் தொழிலாளர்கள் உடை மாற்றிக் குளித்த இடம். வீட்டிலிருந்து போட்டுவந்த உடுப்பைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைவரை இழுத்துவிடுவார்களாம். அந்தச் சங்கிலிகள் சில அப்படியே தொங்கின. சுரங்கத்தை மூடிய பின் நகரசபை அதை நாடகத்துக்கும் கச்சேரிக்கும் விட்டது. சனிக்கிழமைகளில் பின்பக்கத்து அறைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழும் பரதநாட்டியமும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதே மண்டபத்தின் அலுவலகத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் யாரென்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. போலந்தின் கட்டோவிட்ஸ் நகரத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். இசைக் கல்லூரியில் பியானோ படித்தவர். "என்னுடையவை நல்ல விரல்கள். ஆனால் மிக நல்ல விரல்கள் அல்ல. அதைப் படிப்பு முடிவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன், தப்பித்தேன்" என்று ஒருநாள் சொன்னார். வாசிப்பதை விட்டுவிட்டு, மற்றவர்கள் வாசிப்பதற்கு இடம் ஒழுங்குசெய்யும் வேலைக்குப் போனார். ஒரு சுரங்க நிறுவனத்தின் கலையரங்கம். நாட்டில் ஆட்சிமுறை மாறியதும் நிறுவனத்துக்கு அரங்கம் வேண்டாத சுமையாகிவிட்டது. கூரை ஒழுகியது. மேடையில் வாளிகளை வைத்து, தண்ணீர் விழும் சத்தம் கேட்காத மாதிரி உரத்த பாட்டுகளாகத் தேர்ந்து கச்சேரி நடத்தினாராம். அந்த அரங்கத்தை இடிக்காமல் காப்பாற்றிய பெயரில் நகரசபைக்கு அழைத்தார்கள். சில வருடங்களில் கலாசாரத்துக்கான துணை மேயர் ஆனார். பிறகு ஒரு தேர்தலில் ஆளும் கட்சி மாறியது. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அவருடைய கதவில் வேறு ஒருவரின் பெயர்.

கணவர் ஜேர்மன்காரர், அங்கே இயந்திரம் பொருத்தப் போய் இவரைச் சந்தித்தவர். அவரோடு இங்கே வந்தார். கொண்டுவந்த சான்றிதழ்கள் எதுவும் இங்கே செல்லவில்லை. ஒரு மாநகரத்தின் துணை மேயராக இருந்தவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் காட்டிய இடம் எங்கள் மண்டபத்தின் சீட்டு ஜன்னல்.

அவர் அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. யார் எந்த நிகழ்ச்சிக்கு வருகிறார்கள், யார் வாசல்வரை வந்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இடைவேளையில் தான் எழுதிய ஜேர்மன் கடிதங்களை என்னிடம் தருவார். நான் சிறுமியாக வந்தவள், பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மன் எனக்கு. பிழை திருத்திக் கொடுப்பேன். பதிலுக்குச் சனிக்கிழமைகளில், எங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு விளக்கு எப்படி வைக்க வேண்டும், நிகழ்ச்சிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது அவர் வந்த பிறகுதான்.

மண்டபத்தின் மேலாளர் நோயில் விழுந்தபோது பதில் வேலை பார்த்தார். பிறகு அவரே மேலாளர். பிறகு நகரசபையில் ஒரு பதவி, அதற்கு மேல் ஒரு பதவி. கடைசியில் சபை உறுப்பினர்கள் வாக்களித்து அவரைக் கலாசாரப் பொறுப்பதிகாரியாகத் தெரிவுசெய்தார்கள். பதவியேற்ற அன்றே என்னைக் காரியதரிசியாகக் கேட்டு எடுத்தார். அன்று எங்கள் பெற்றோர் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. போர்த்தியவர் என் அத்தான்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாருக்கும் முதல் வந்து, அகதி விடுதியில் வருடக்கணக்கில் கிடந்து, பிறகு ஹம்மில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்தவர். அக்காவைக் கூப்பிட்டார். பிறகு அம்மா அப்பா இல்லாத என்னையும் கூப்பிட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், ஆசிரியர் என்னைக் கீழ் வகுப்புக்கு அனுப்பப் பார்த்தபோது லீவு போட்டுவிட்டு வந்து, தெரிந்த பாதி ஜேர்மனில் வாதாடியதும் அவர்தான். சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நாட்டிய அறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடிகளைத் தன் கையாலே பொருத்தினார். வகுப்பு நாட்களில் ஒரு தட்டில் வடையோ கடலையோ எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டு ஜன்னலுக்குள் நீட்டுவார். இருவருக்கும் ஜேர்மன் சரியாக வராத காலம் அது. "நல்லம்?" என்று அத்தான் தமிழில் கேட்பார். "நல்லம்" என்று அவர் தமிழிலேயே பதில் சொல்வார்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததை எழுதும்போது இன்றும் என் முகம் சூடாகிறது.

மண்டபத்தைத் தீயணைப்புப் பிரிவு பரிசோதித்தது. அவசர வழிகள் போதாது, கூரை மரம் பழையது, மின்கம்பிகள் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். திருத்துவதற்கு நகரசபையிடம் வசதி இல்லை. பாதுகாப்பில்லாத கட்டடத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கவும் முடியாது. ஒரே வழி மூடுவது. அந்தப் பரிந்துரையைச் சபையின் முன் வைக்க வேண்டியவர் கலாசாரப் பொறுப்பதிகாரி. அதற்கு முன் ஊர்மக்களை அந்த மண்டபத்திலேயே கூட்டி விளக்கம் சொல்ல வேண்டும்.

அறிக்கையைத் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்தேன். கையெழுத்துப் போடாமல் நீண்ட நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டோவிட்ஸில் இதைவிட மோசமான கூரையை நான் காப்பாற்றினேன்" என்றார். "அப்போது எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. வாளிகள் மட்டும்தான். இப்போது அதிகாரம் இருக்கிறது, மூடப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

"வேறு வழி இல்லையே" என்றேன்.

"இல்லை. ஆனாலும் வெட்கம்தான்."

கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்துவிட்டது. நாடகக் குழுக்காரர், பாடகர் குழு, பழைய சுரங்கத் தொழிலாளர்கள், எங்கள் பெற்றோர்கள். பின் வரிசையில் நான் முன்பு எந்த நிகழ்ச்சியிலும் கண்டிராத சில ஆண்கள், கைகளைக் கட்டிக்கொண்டு. மேடையில் அவரும் தீயணைப்பு அதிகாரி ஒருவரும். குறிப்பெடுக்க நான் ஓரத்து மேசையில். அத்தான் மூன்றாம் வரிசையில் பெற்றோர்களோடு இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரிக்கற் அக்கா எதையும் மறைக்காமல் சொன்னார். என்ன பழுது, ஏன் முடியாது, எப்போது மூடப்படும். கேள்விகள் வந்தன. பாடகர் குழுவின் தலைவி அழுதார். ஒரு முதியவர், தன் தகப்பனின் உடுப்பு தொங்கிய சங்கிலி இது என்று மேலே கை காட்டினார். ரிக்கற் அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். "முயற்சி செய்தோம், முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப ஒரே பதில்.

அப்போது அத்தான் எழுந்தார். ஒலிவாங்கியைக் கேட்கவில்லை.

"எங்கள் பிள்ளைகள் எங்கே போவது?" என்று ஜேர்மனில் கேட்டார்.

"மாற்று இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்று என்னால் உறுதி சொல்ல முடியாது" என்றார் அவர்.

"உங்களுக்கு இது சும்மா ஒரு கட்டடம்."

"அப்படி இல்லை. உங்களுக்கே அது தெரியும்."

அந்தப் பதில்தான் அத்தானுக்குச் சுட்டிருக்க வேண்டும். கையை நீட்டி, மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"போலந்துக்குத் திரும்பிப் போ!"

நீங்கள் என்று அல்ல. நீ என்று. 

பின் வரிசையில் கைதட்டல் கேட்டது. கைகளைக் கட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்கள்தான். அவர்களில் ஒருவன் எழுந்து முன்னால் வந்து, அத்தானின் தோளில் தட்டினான். "சரியாகச் சொன்னாய்" என்றான். அத்தான் திரும்பி அவனைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. தான் யாருடைய வாயால் பேசினோம் என்று அப்போதுதான் விளங்கியவர் போல இருந்தார். உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. அப்படியே நின்றார்.

மேடையில் ரிக்கற் அக்கா கண்ணாடிக் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "அடுத்த கேள்வி" என்றார்.

என் பக்கத்தில் இருந்த சக ஊழியர் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "யார் அந்த ஆள்? உங்கள் நாட்டுக்காரர் மாதிரி இருக்கிறது."

"என் அக்காவின் கணவர்" என்றேன்.

"ஓ" என்றார். அந்த ஓவோடு கூட்டம் முடியும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். தலையை நிமிர்த்தினால் மண்டபமே என்னைப் பார்க்கிறது போல இருந்தது. உண்மையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் ரிக்கற் அக்கா தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். வழக்கமாக அப்படிச் செய்வார், என் வீடு அவர் போகிற வழியில். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "உங்கள் சார்பில் வேண்டாம்" என்று கையை உயர்த்தினார். "நீங்கள் எதுவும் செய்யவில்லை." பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொன்னார்: "அந்த ஆட்கள் எழுதி அனுப்புகிறார்கள், தொலைபேசியில் சொல்கிறார்கள், பழகிவிட்டது. இவரிடமிருந்து வரும் என்று நினைக்கவில்லை." அவர் அழவில்லை. குரல் மட்டும் களைத்திருந்தது. நான்தான் வீட்டுப் படியேறும்போது அழுதேன்.

அடுத்த நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சமையலறை மேசையில் இருந்தார். முன்னால் தேநீர் ஆறிக் கிடந்தது. அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கோவத்தில வாய் தவறிட்டுது" என்றார் அத்தான்.

"வாய் தவறினால் தமிழில வந்திருக்கும் அத்தான். நீங்கள் ஜேர்மனில சொல்லியிருக்கிறியள். வசனத்தை ஒழுங்காச் சேர்த்துச் சொல்லியிருக்கிறியள்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது:

"அவளுக்கு அதைச் சொல்லுங்கோ. பஸ் நிலையத்தில நடந்ததை."

"இப்ப ஏன் அது?"

"சொல்லுங்கோ எண்டுறன்."

அத்தான் சொல்லவில்லை. அக்காதான் வாசலில் வந்து நின்று சொன்னார். நான் ஜேர்மனிக்கு வருவதற்கு முன்பு நடந்தது. அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்களாம். ஒருவன் வந்து அத்தானின் முகத்துக்கு நேரே அதே வசனத்தைச் சொன்னானாம், நாட்டின் பெயர் மட்டும் வேறு. அத்தான் எதுவும் பேசாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தம்வரை நடந்தாராம். வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப முகம் கழுவினாராம்.

"அந்தச் சொல் எங்கை போய் ஒளிச்சிருந்ததெண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார் அக்கா. "இவ்வளவு காலமும் உங்களுக்குள்ளதானே இருந்திருக்கு."

அத்தான் எழுந்தார். "நான் போய் அவாட்டை மன்னிப்புக் கேக்கிறன். நீ ஒரு டெர்மின் எடுத்துத் தா."

சந்திக்க ஒரு நேரம் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே வந்தார். கல்யாணங்களுக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்தார். நகரசபை மாடிப்படியில் அவரைக் கூட்டிக்கொண்டு ஏறும்போது, எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார், தெரியாதவர்களுக்கும். அவர் அப்படிக் கூசி நான் கண்டதில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, அவரை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் இருந்தது.

ரிக்கற் அக்கா எழுந்து நின்று வரவேற்றார், கை கொடுத்தார், உட்காரச் சொன்னார். நான் வெளியே போக எழுந்தேன். "இருங்கள்" என்றார்.

அத்தான் உட்காரவில்லை. "நான் மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றார்.

ரிக்கற் அக்கா அதட்டாமல், ஒரு விண்ணப்பத்தில் குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டும் குரலில் சொன்னார்:

"நீங்கள் வந்தது நல்லது. ஆனால் இங்கே வேண்டாம். அன்று எல்லாருக்கும் முன்னால் சொன்னீர்கள். கைதட்டினார்கள். இங்கே கதவு மூடியிருக்கிறது. நான் 'பரவாயில்லை' என்று சொன்னால் எனக்கும் உங்களுக்கும் அது முடிந்துவிடும். கைதட்டியவர்களுக்கு முடியாது."

அத்தான் என்னைப் பார்த்தார், மொழிபெயர் என்பது போல. அவருக்கு விளங்காமல் இல்லை. நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வசனமாக, தமிழில், என் அத்தானின் முகத்தைப் பார்த்து. என் வாழ்க்கையில் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுதான் கடினமானது.

கீழே இறங்கும்போது அத்தான் வாசலில் நின்றார். "என்னைக் கூட்டிக்கொண்டு வந்து அவமானப்படுத்திப்போட்டாய்" என்றார். தனியாக ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.

அதன் பிறகு சில கிழமைகள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அக்காதான் இடையிடையே சொல்வார். கண்ணாடியின் முன்னால் நின்று ஏதோ சொல்லிப் பார்க்கிறாராம். வேலையில் கூட இருக்கிற ஒரு துருக்கிக்காரரிடம் ஜேர்மன் வசனம் கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குச் சுட்டது. பிறகு யோசித்தேன், என்னிடம் எப்படிக் கேட்பார்?

மண்டபத்தை மூடுவது பற்றிச் சபை வாக்களிக்கும் நாள் வந்தது. எங்கள் நகரசபையில் கூட்டத்தின் தொடக்கத்தில் ஊர்மக்களுக்குக் கேள்வி நேரம் உண்டு. யாரும் வந்து பதிவு செய்து, எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். பெயர் வாசித்தபோதுதான் அத்தான் வந்திருப்பதே எனக்குத் தெரிந்தது. பார்வையாளர் பகுதியின் கடைசியில், அதே கோட்டோடு. அன்று கைதட்டியவர்களில் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர் எழுந்ததும் சிரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள்.

அத்தான் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"போன கூட்டத்தில் நான் பொறுப்பதிகாரி அம்மாவுக்கு ஒரு வசனம் சொன்னேன். அது பிழை."

மேயர் மணியைத் தொட்டார். "மன்னிக்கவும். இது கேள்வி நேரம். அறிக்கைகளுக்கு அனுமதியில்லை. உங்களிடம் கேள்வி இருக்கிறதா?"

அத்தான் திகைத்துப் போனார். பாடமாக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு வசனத்தோடு குழம்பிவிட்டது. யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இருக்கிறது" என்றார். "நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாமா?"

சிரிப்பு நின்றது. மேயர் தன் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். சபை வழக்கப்படி, கேள்வி எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ அந்தப் பிரிவின் அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். ரிக்கற் அக்கா எழுந்தார். தன் ஒலிவாங்கியை அழுத்தினார்.

"கேட்கலாம்" என்றார்.

"அதே வசனத்தை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் அத்தான். ஜேர்மன் உடைந்து உடைந்து வந்தது. "என் மனைவி பக்கத்தில் இருந்தாள். அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதனால்தான் வெட்கம். எனக்காகக் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவன் எழுந்து வெளியே போனான். மற்றவன் தொலைபேசியைப் பார்த்தான்.

"நன்றி" என்றார் அவர். "கேள்விக்குப் பதில் அளிக்கப்பட்டது."

உட்கார்ந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் பிறகும் கேட்டதில்லை. ஒருவேளை அந்த இடத்தில் தன்னால் தரக்கூடியது ஒரு அதிகாரியின் பதில் மட்டும்தான் என்று நினைத்திருக்கலாம். அல்லது இன்னும் மன்னிக்காமலே இருந்திருக்கலாம். அதுவும் அவருடைய உரிமைதானே.

பிறகு நிகழ்ச்சி நிரலில் அடுத்த விடயம் வந்தது. மண்டபத்தை மூடுவது. அவர் எழுந்து காரணங்களை வாசித்தார். கைகள் உயர்ந்தன. பெரும்பான்மை. அத்தான் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். தான் மன்னிப்புக் கேட்டதால் முடிவு மாறும் என்று அவர் எதிர்பார்த்து வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. அதுவரை, என் மனதின் ஒரு மூலையில், மண்டபத்துக்காகத்தான் வருகிறாரோ என்ற சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்காகவும் நான் வெட்கப்பட்டேன்.

மண்டபத்தை ஒப்படைப்பதற்கு முன் சாமான்களை எடுக்க ஒரு சனிக்கிழமை ஒதுக்கினார்கள். பெற்றோர்கள் வந்தார்கள். ரிக்கற் அக்காவும் வந்தார், பழைய காற்சட்டையும் தலையில் துணியும் கட்டிக்கொண்டு. நாட்டிய அறையில் அத்தான் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவை கனமானவை, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவர் போய் மறுபக்கத்தைப் பிடித்தார். அத்தான் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "மெதுவாக. இந்த மூலை கூர்" என்றார் ஜேர்மனில். ஒவ்வொன்றாக இருவரும் தூக்கி வண்டிவரை கொண்டு போனார்கள். நான் போர்வைகளைச் சுற்றிக் கட்டினேன். முழுக் காலையும் அவர்கள் பேசியது அவ்வளவுதான்: மெதுவாக, இந்தப் பக்கம், கொஞ்சம் உயர்த்துங்கள். நீங்கள் என்றே பேசினார்கள்.

வகுப்புக்கு ஒரு தேவாலயத்தின் கீழ்மாடியில் இடம் கிடைத்தது. ரிக்கற் அக்கா எங்கெங்கோ தொலைபேசி எடுத்து ஒழுங்குசெய்தது. கூரை தாழ்வு. பெரிய பிள்ளைகள் கையை உயர்த்தினால் விளக்கில் படும். சில குடும்பங்கள் தூரம் என்று நின்றுவிட்டன. முந்திய மண்டபம் போல வரவில்லை, வரவும் வராது.

அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது சபை அவரை மறுபடி தெரிவுசெய்யவில்லை. மண்டபத்தை மூடியவர் என்ற பெயர் தங்கிவிட்டது. அதற்கு முன் திறந்தவை, நடத்தியவை எதுவும் யாருக்கும் நினைவில்லை. தன் மேசையைத் தானே துடைத்து வைத்துவிட்டு, வரப்போகிறவருக்கு எந்தக் கோப்பு எங்கே என்று ஒரு முழு நாள் எனக்குச் சொல்லித் தந்தார். "கட்டோவிட்ஸில் எனக்கு இந்த நாள் கிடைக்கவில்லை" என்றார். பிறகு ஹம்பேர்க் போய்விட்டார், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கச்சேரி அரங்கத்தை நடத்துவதற்கு. இடையிடையே தொலைபேசி எடுப்பார். அங்கே கூரை நல்ல கூரை என்றார்.

எங்கள் ஆட்கள் அத்தானுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். 'போலந்து அண்ணை'. யார் தொடங்கினார்களோ தெரியாது. முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு நேரே.

போன மாதம் ஹம்மில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து ஆள் ஒருவர், நடுவயதுக்காரர், கதையைக் கேள்விப்பட்டதை வைத்து நடித்துக் காட்டினார். கையை நீட்டி, குரலை உயர்த்தி, அந்த ஜேர்மன் வசனத்தை அப்படியே. மேசை முழுவதும் சிரித்தது. பிறகு மேயரின் குரலில், "உங்களிடம் கேள்வி இருக்கிறதா?" இன்னும் பெரிய சிரிப்பு. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீர்க் குவளையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"பகிடி இல்லை, தம்பி" என்றார் அத்தான்.

"சும்மா அண்ணை, முசுப்பாத்திக்கு..."

"முசுப்பாத்தி இல்லை எண்டுறன். ஒரு மனுசியை நான் அழ வைச்ச கதை அது. எங்களுக்கு நல்லது செய்த மனுசி. அதை எனக்கு முன்னால நடிச்சுக் காட்டாதையுங்கோ. எனக்குப் பின்னாலயும் வேண்டாம்."

மேசை அடங்கிவிட்டது. அந்த ஆள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார்.

ரிக்கற் அக்கா அழவில்லை என்பது எனக்குத் தெரியும். காரில் பக்கத்தில் இருந்தவள் நான்தான். அத்தானுக்கு அதை நான் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. அழுதார் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை காலமும் இருந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொன்னால் அவருக்கு இலேசாகுமா, இன்னும் பாரமாகுமா என்று யோசித்தேன். பாயசம் கொண்டுவந்தார்கள். அத்தான் தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.